வென்றவனுக்கும் ஒறுத்தல்: கிறிஸ்தவ இரக்கம் போரை அளந்த விதம்

1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் வென்றான். இங்கிலாந்து மன்னன் ஹெரால்டு களத்திலேயே மாண்டான். வில்லியத்தின் பக்கம்தான் நியாயம் என்று திருத்தந்தை (போப்) இரண்டாம் அலெக்சாண்டர் ஆதரவு தந்திருந்தார். அப்படியென்றால் அன்றைய திருச்சபையின் கண்ணில் அது நீதியான போர். வென்ற வீரர்கள் தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் 1070 வாக்கில் நார்மண்டி ஆயர்கள் (பிஷப்புகள்) ஓர் ஆணை வகுத்தார்கள். திருத்தந்தையின் தூதரும் சுவிட்சர்லாந்தின் சியோன் நகர ஆயருமான எர்மன்ஃபிரிட் அதை உறுதிப்படுத்தினார். வென்றவர்கள் செய்ய வேண்டிய ஒறுத்தல் (பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்யும் நோன்பு போன்ற தவம்) எவ்வளவு என்று சொல்லும் ஆணை அது. அதன் கணக்கு இப்படிப் போகிறது.

ஒருவனைக் கொன்றது உறுதியாகத் தெரிந்தால், கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் ஆண்டு ஒறுத்தல். பத்துப் பேரைக் கொன்றவனுக்குப் பத்து ஆண்டு. காயப்படுத்தினான், அடிபட்டவன் செத்தானா பிழைத்தானா தெரியவில்லை என்றால், ஆளுக்கு 40 நாள். அதைத் தொடர்ந்தும் செய்யலாம், விட்டுவிட்டும் செய்யலாம். எத்தனை பேரை வெட்டினோம் என்றே தெரியாதவன், ஆயர் முடிவு செய்கிறபடி, சாகும்வரை வாரத்தில் ஒரு நாள் ஒறுத்தல் இருக்க வேண்டும்; வசதியுள்ளவன் அதற்கு ஈடாக ஓர் ஆலயம் கட்டலாம், அல்லது ஆலயத்துக்கு நிலையான மானியம் எழுதிவைக்கலாம். யாரையும் தாக்கவில்லை, ஆனால் தாக்க வேண்டும் என்று மனதில் நினைத்தான் என்றால் அவனுக்கும் மூன்று நாள்.

வில்லாளிகளுக்குத் தனி விதி. எய்த அம்பு யார் மேல் போய் விழுந்தது என்று எய்தவனுக்குத் தெரியாது. கூட்டத்துக்குள் போனது, அவ்வளவுதான். எண்ணிக்கையை அவனிடம் கேட்டுப் பயனில்லை என்பதை ஆயர்கள் புரிந்துகொண்டு, மூன்று தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்) ஒறுத்தல் என்று வகுத்தார்கள். நாற்பது நாள் வீதம் 120 நாள். தூரத்திலிருந்து கொல்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு, அந்தப் பொறுப்பை எண்ண முடியாவிட்டாலும் சும்மா விட முடியாது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறு கிடைப்பது அரிது.

களத்துக்கு வெளியே நடந்த கொலைகளுக்கும் கணக்கு இருந்தது. உணவு தேடிப் போன இடத்தில் எதிர்த்தவனைக் கொன்றால் ஆளுக்கு ஓர் ஆண்டு. கொள்ளையடிக்கப் போன இடத்தில் கொன்றால் மூன்று ஆண்டு. வில்லியம் முடிசூட்டிக்கொண்ட பிறகு நடந்த கொலைகளில், ஆயுதத்தோடு மன்னனை எதிர்த்தவர்களைக் கொன்றதைத் தவிர மற்றதெல்லாம் மனமறிந்த கொலை. கோயில் பொருளைத் தூக்கியவன் எடுத்த கோயிலுக்கே திருப்பித் தர வேண்டும்; முடியாவிட்டால் வேறொரு கோயிலுக்கு. தராமல் வைத்திருந்தால் அந்தப் பொருளை யாரும் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. திருட்டுச் சொத்துக்குச் சந்தையே இல்லாமல் செய்துவிடுகிற வழி இது.

இரக்கம் என்ற சொல் இந்த ஆணையில் வருகிற இடத்தைப் பாருங்கள். வெறும் ஆதாயத்துக்காகப் போருக்கு வந்தவன் சாதாரணக் கொலைகாரனுக்குரிய ஒறுத்தலைச் செய்ய வேண்டும். ஆனால் நடந்தது பொதுப்போர் (ஆட்சியாளரின் ஆணையில் நடக்கும் போர்) என்பதால், இரக்கத்தின் பேரில் மூன்று ஆண்டாகக் குறைக்கிறோம் என்கிறார்கள். போர் என்பது கொலையை நியாயப்படுத்திவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. குற்றம் குற்றமாகவே நிற்கிறது, தண்டனை மட்டும் குறைகிறது. குற்றமே இல்லை என்று தள்ளிவிட்ட இடத்தில் இரக்கத்துக்கு வேலை கிடையாது. கிறிஸ்தவ இரக்கத்தைப் போரோடு சேர்த்துப் பேசும் யாரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மனநிலை நார்மண்டியில் திடீரென்று முளைத்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயர் புனித பசிலியார் எழுதிய விதி ஒன்று கிழக்குத் திருச்சபையில் 13ஆம் விதியாக நிலைத்தது. போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையாக எண்ணவில்லை. ஆனாலும் கைகள் தூய்மையாக இல்லாததால் அவர்கள் மூன்று ஆண்டு நற்கருணை (வழிபாட்டில் பெறும் புனித அப்பம்) வாங்காமல் இருப்பது நல்லது என்பது அதன் சாரம். பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் நிகெஃபோரஸ் ஃபோகாஸ், போரில் விழுந்த தன் வீரர்களை மறைசாட்சிகளாக (விசுவாசத்துக்காக உயிர்நீத்த புனிதர்களாக) அறிவிக்கும்படி கேட்டான். கிழக்குத் திருச்சபையின் தலைமை ஆயரான முதுபெரும் தந்தை பொலியூக்டஸ் மறுத்தார். மூன்று ஆண்டு நற்கருணையிலிருந்து விலகி நிற்க வேண்டியவனை எப்படிப் புனிதனாக்குவது என்று அதே 13ஆம் விதியைக் காட்டினார். நாட்டின் எல்லையைக் காத்த படைத்தலைவனிடமே ஓர் ஆயர் இப்படி நின்றார் என்பதை மறக்கக் கூடாது. மேற்கிலும், ஏழாம் நூற்றாண்டின் கான்டர்பரி பேராயர் தியடோரின் பெயரால் வழங்கும் ஒறுத்தல் நூல், பொதுப்போரில் கொன்றவனுக்கு 40 நாள் விதிக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பவர் புனித அகுஸ்தீன். நீதிப்போர் என்ற கருத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். (தமிழில் ‘அறப்போர்’ என்றால் சத்தியாகிரகம்தான் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே நீதிப்போர் என்றே எழுதுகிறேன்.) ஆப்பிரிக்காவில் ரோமானியப் படை அதிகாரியாக இருந்த போனிஃபாசுக்கு அவர் எழுதிய 189ஆம் கடிதத்தில் ஒரு வரி உண்டு. எதிர்த்து நிற்பவன்மேல் வன்முறை செலுத்தப்படுவதுபோல், தோற்றவனுக்கும் பிடிபட்டவனுக்கும் இரக்கம் காட்டுவது கடன் என்கிறார். லத்தீனில் அவர் போட்ட சொல் ‘டெபேத்துர்’, அதாவது ‘செலுத்தப்பட வேண்டியது’. கடமை, திருப்பித்தர வேண்டிய தொகை என்ற இரண்டு பொருளும் நம் ‘கடன்’ என்ற சொல்லில் இருக்கின்றன. இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கைதி இரந்து கேட்டால் போடுகிற பிச்சை அல்ல இரக்கம். எதிரியின் ஆயுதம் கீழே விழுந்த நொடியில் வென்றவன் கடனாளி ஆகிவிடுகிறான். கொடுத்த வாக்கை எதிரியிடமும் காப்பாற்ற வேண்டும் என்று அதே கடிதத்தில் சொல்கிறார்.

போரில் உண்மையான தீமை எது என்ற கேள்விக்கும் அகுஸ்தீனின் விடை கூர்மையானது. என்றைக்காவது சாகப்போகிறவர்கள் சாவது அல்ல. துன்புறுத்துவதில் சுகம், பழிவாங்கும் கொடூரம், அடங்காத பகை, ஆளும் வெறி, இவைதான் தீமை என்றார். இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உள்மனம் சரியாக இருந்தால் கை செய்வது சரி என்று வாதிட இது கதவு திறந்துவிடுகிறது. அன்போடு தண்டிக்கிறேன் என்ற வாதத்தை வைத்துத்தான் வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற கிறிஸ்தவப் பிரிவினரான தொனாத்திஸ்துகளை அரசின் கட்டாயத்தால் திருச்சபைக்குள் கொண்டுவருவதை அகுஸ்தீனே ஆதரித்தார். மனம் எப்படி இருந்தது என்பதைப் பிறர் சோதிக்க முடியாது. எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்கலாம். ஆயர்கள் பிறகு எண்ணிக்கையில் இறங்கியதன் நன்மை இங்கே தெரியும்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், மன்னர்களின் கை தளர்ந்திருந்த பிரான்சின் தெற்கில், ஆயர்கள் இன்னொரு வழியில் முயன்றார்கள். 989இல் ஷாரூ என்ற இடத்தில் கூடிய ஆயர்கள் மூன்று பேரைச் சபித்தார்கள்: கோயிலை உடைப்பவன், ஏழைகளின் கால்நடையைப் பறிப்பவன், ஆயுதமில்லாத குருவைத் தாக்குபவன். ஆடு, எருது, கழுதை, பசு, வெள்ளாடு, பன்றி என்று விலங்குகளைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டார்கள். ஏரில் பூட்டும் எருது போனால் அடுத்த ஆண்டு அந்த வீட்டில் விளைச்சல் இல்லை, பட்டினிதான் என்பது தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. ‘கடவுளின் அமைதி’ என்று இந்த இயக்கத்துக்குப் பெயர். 1027இல் துலூஷில் (பிரான்சின் தென்கோடியில் பெர்பிஞ்ஞானுக்கு அருகிலுள்ள ஊர், துலூஸ் நகரம் அல்ல) ‘கடவுளின் போர்நிறுத்தம்’ வந்தது: சனிக்கிழமை பிற்பகல் தொடங்கித் திங்கள் காலைவரை யாரும் எதிரியைத் தாக்கக் கூடாது. பின்னர் அது புதன் மாலை முதல் திங்கள் காலை வரை என்று நீண்டது. 1139இன் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் இதோடு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கி ஜனவரியில் வரும் திருக்காட்சி விழாவின் எட்டாம் நாள் வரையும், தவக்காலத்தை ஒட்டிய ஞாயிறு முதல் உயிர்ப்பு விழாவின் (ஈஸ்டரின்) எட்டாம் நாள் வரையும் சேர்த்தது. சண்டை போட மிஞ்சிய நாள்கள் மிகக் குறைவு.

இதெல்லாம் எங்கே உடைந்தது? ஷாரூ விதியிலேயே ஒரு வாசல் இருந்தது: பறிகொடுத்தவன் தானே குற்றம் செய்திருந்தால் விதி பொருந்தாது. அவன் குற்றம் செய்தான் என்று யார் சொல்வது? பறித்தவன்தான். அடுத்து, விதியை மீறுபவனை அடக்கப் படை வேண்டும். பூர்ஜ் பேராயர் ஏமோன் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரையும் சத்தியம் செய்ய வைத்து அமைதிப்படை திரட்டினார். அந்தப் படை கோட்டைகளை இடித்தது, எரித்தது. தானே ஒரு கொடுமையாக மாறியது. 1038இல் ஷேர் ஆற்றங்கரையில் அது சிதைந்தபோது, குருக்கள் மட்டுமே 700 பேர் மாண்டார்கள் என்று ஃப்ளூரி துறவி ஆந்த்ரே எழுதினார். குதிரைப்படை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் காலாட்களில் இரண்டாயிரம் பேரைக் கழுதைமேல் ஏற்றினார்களாம். மூன்றாவது முறிவு லாத்தரன் சங்கத்தின் 29ஆம் விதியில் இருக்கிறது. வில், குறுக்குவில் ஆகியவற்றின் கொடிய கலையைக் கிறிஸ்தவர்கள்மேலும் கத்தோலிக்கர்கள்மேலும் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. மற்றவர்கள்மேல்? அங்கே இரக்கம் நின்றுவிட்டது. கிறிஸ்தவர்களுக்குள்ளும் தடை எடுபடவில்லை. 60 ஆண்டு கழித்து 1199இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு மன்னன் இறந்ததே பிரெஞ்சு மண்ணில் குறுக்குவில் அம்பு பட்டுத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய முறிவு 1095இல் கிளெர்மோனில் நடந்தது. திருத்தந்தை இரண்டாம் ஊர்பன் கூட்டிய அதே சங்கம் கடவுளின் போர்நிறுத்தத்தையும் உறுதிசெய்தது, முதல் சிலுவைப்போருக்கும் அழைத்தது. புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்தியால் எருசலேமை விடுவிக்கப் போகிறவனுக்கு அந்தப் பயணமே முழு ஒறுத்தலாகக் கணக்கிடப்படும் என்று அதன் விதி ஒன்று சொல்கிறது. 1070இல் போருக்குப் போனதற்கு ஒறுத்தல் செய்ய வேண்டியிருந்தது. 25 ஆண்டு கழித்து, போருக்குப் போவதே ஒறுத்தல் ஆனது. கணக்குப் புத்தகத்தில் பற்று இருந்த இடத்தில் வரவு எழுதப்பட்டது. எருசலேமில் 1099இல் நடந்த படுகொலைக்கு வெறியும் பசியும் பயமும் காரணங்கள்தான்; ஆனால் திரும்பிப் போனால் ஆளுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கு தனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் அந்த வீரன் மனதில் இல்லாமல் போனதையும் அந்தக் காரணங்களோடு சேர்க்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் போர் நீதியாக இருக்க மூன்று நிபந்தனைகள் சொன்னார்: உரிய அதிகாரமுள்ள ஆட்சியாளரின் ஆணை, நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் பிடுங்கி எடுத்துத் தனியாக வைக்கிறார்கள். அவை இருக்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. அவருடைய பெருநூலில் இது நீதியைப் பற்றிய பகுதியில் வரவில்லை. அன்பைப் பற்றிய பகுதியில், அன்பின் கனியான அமைதியைக் குலைக்கும் பாவங்களின் வரிசையில், பிரிவினைக்கும் கைகலப்புக்கும் நடுவே 40ஆம் கேள்வியாக வருகிறது. இரக்கம் அதற்குப் பத்துக் கேள்வி முன்பு, அதே பகுதியில் இருக்கிறது. போர் செய்வது எப்போதும் பாவமா என்பதுதான் அவர் எழுப்பும் கேள்வி. பாவம் என்ற பக்கத்திலிருந்து தொடங்கி, இந்த மூன்றும் இருந்தால் விதிவிலக்கு என்று முடிக்கிறார். நாம் அனுமதியிலிருந்து தொடங்குகிறோம்.

1539இல் சலமங்காவில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா இன்னொரு படி ஏறினார்: போர் அநீதியானது என்று படைவீரனுக்கு மனதார உறுதியானால், மன்னனே ஆணையிட்டாலும் அவன் போகக் கூடாது. ஏட்டில் இருந்த இந்த விதியைத் தன் கழுத்தைக் கொடுத்துக் கடைப்பிடித்தவர் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடகுண்ட் ஊர் விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஹிட்லரின் படையில் சேர மறுத்தார். அவருடைய லின்ஸ் மறைமாவட்ட ஆயரே, ஆட்சியாளரின் செயலுக்குத் தனிமனிதன் பொறுப்பல்ல, குடும்பத்தைப் பார் என்ற பொருளில்தான் அவருக்கு அறிவுரை சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 2007இல் அதே லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) உயர்த்தப்பட்டார்.

இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 2309ஆம் எண்ணில், நான்கு நிபந்தனைகள் தருகிறது: எதிரி இழைக்கும் தீங்கு நிலையானது, கடுமையானது, உறுதியானது, அதைத் தடுக்கும் மற்ற வழிகள் எல்லாம் பயனற்றவை அல்லது நடைமுறைக்கு ஒவ்வாதவை, வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு உண்டு, ஆயுதம் விளைவிக்கும் தீமை, நீக்க வந்த தீமையைவிடப் பெரிதாகாது. நான்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று அந்நூலே சொல்கிறது. அரசியல் மேடைகளில் முதலாவதை மட்டும் பேசிவிட்டு நான்காவதுக்கு வருவதே இல்லை. நான்காவதை ஒருமுறை கணக்கிட்டால் போதாது. போரின் ஒவ்வொரு வாரமும் கணக்கிட வேண்டும். தொடங்கியபோது நீதியாக இருந்தது, மூன்றாம் ஆண்டில் அப்படி இல்லாமல் போகலாம்.

வில்லாளிக்கு வகுத்த விதி இரண்டாம் உலகப்போரில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. 1944 பிப்ரவரி 9 அன்று சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், பிரிட்டன் மேலவையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை முழுதாகக் குண்டுபோட்டு அழிக்கும் கொள்கையைக் கேள்வி கேட்டார். ராணுவ இலக்கைத் தாக்குவது வேறு, அதைச் சாக்கிட்டு நகரத்தையே துடைப்பது வேறு என்றார். சொந்த நாடு போரில் இருக்கும்போது பேசிய பேச்சு அது. அதே ஆண்டு அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் ஃபோர்டு ஒரு இறையியல் இதழில் எழுதிய கட்டுரையில் செய்தது இன்னும் நடைமுறைக்கு ஏற்றது. நவீன போரில் எல்லாருமே போராளிகள்தான் என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களை வரிசையாக எழுதினார்: விவசாயி, மீனவர், தையற்காரர், ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர் என்று பட்டியல் நீள்கிறது. இவர்களில் யாரைக் கொல்லலாம் என்று கை வைத்துக் காட்டுங்கள் என்பதே அவர் கேள்வி.

இப்படிக் குண்டு வீசுவதற்குச் சமாதானமாகச் சொல்லக்கூடியது இரட்டை விளைவு என்ற பழைய விதி. ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்து விளையுமானால் நான்கைப் பார்க்க வேண்டும்: செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது, தீய விளைவை விரும்பக் கூடாது, தீமையின் வழியாக நன்மை வரக் கூடாது, நன்மை தீமைக்கு ஈடாக இருக்க வேண்டும். பாலத்தைத் தகர்க்கும்போது பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தால், பாலம் விழுந்ததற்கு அந்தச் சாவு தேவைப்படவில்லை. மூன்றாவது நிபந்தனை நிற்கிறது. மக்களைக் கலங்கடித்து அரசைச் சரணடைய வைப்பது திட்டமானால், மக்களின் சாவே கருவி ஆகிவிடுகிறது. மூன்றாவது நிபந்தனை அங்கே முறிகிறது என்று ஃபோர்டு காட்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழு நகரங்களையும் அவற்றின் மக்களோடு வேறுபாடின்றி அழிக்கும் செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிவித்தது.

கோயிலைச் சுற்றி இத்தனை அடி தூரம் யாரும் தொடக் கூடாது என்ற விதி ‘கடவுளின் அமைதி’ காலத்தியது. கேடலோனியாவில் அது முப்பது அடி எடுத்துவைக்கும் தூரம். கோயில் மண்ணில் கால் வைத்தால் உயிர் தப்பலாம் என்ற அந்த நம்பிக்கையோடுதான் 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்த சனங்கள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 9ஆம் தேதி இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள். 1999 நவம்பரில் மடுத் திருப்பதியில் அடைக்கலம் இருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இவர்களுக்காக ஆளுக்கு ஓர் ஆண்டு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஏன் கேட்கப்படவில்லை என்பதற்குத் திருச்சபையின் உள்ளேயே ஒரு காரணம் உண்டு. ஒறுத்தல் ஒருகாலத்தில் ஊரறிய நடந்தது: இன்னான் நற்கருணை வாங்காமல் வெளியே நிற்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அது மெல்ல மெல்லக் காதோடு காதாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனமாக மாறியது. 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்வதைக் கட்டாயமாக்கியது. தனி ஆளின் மனக்காயத்தை ஆற்ற இது நல்ல வழி. ஆனால் ஒரு படை முழுவதும், ஒரு அரசு முழுவதும், ‘நாங்கள் வென்றோம், எங்கள் கையில் ரத்தம் இருக்கிறது’ என்று சொல்லுவதற்கான சடங்கு போய்விட்டது. மறைக்கல்வி நூலின் நான்கு நிபந்தனைகள் போருக்கு முன்னால் கேட்பவை. போரின் நடுவிலும் ஒழுக்கவிதி நிற்கிறது, கைதியையும் காயப்பட்டவரையும் மனிதராக நடத்த வேண்டும் என்று அடுத்த எண்கள் சொல்கின்றன. முடிந்து வீடு திரும்பிய பிறகு வீரன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எர்மன்ஃபிரிட் தந்ததுபோல் ஒரு பட்டியல் இன்று கிடையாது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ், நீதிப்போர் என்று பேசுவதற்குப் பழைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களை இன்று எடுப்பது மிகக் கடினம் என்று தம் சுற்றுமடலில் எழுதினார். அகுஸ்தீன் வகுத்த அந்தக் கருத்தை இன்று நாம் ஏற்பதில்லை என்று அடிக்குறிப்பிலும் சேர்த்தார். அணுகுண்டுக் காலத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் அகுஸ்தீனோடு சேர்த்து, தோற்றவனுக்கு இரக்கம் கடன் என்ற அந்த வரியும் போய்விடக் கூடாது. போர்கள் நிற்கவில்லை, கைதிகள் இருக்கிறார்கள்.

எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவன் ஆலயம் கட்டலாம் என்ற விதிக்குப் பொருத்தமாக, வில்லியமே போர் நடந்த இடத்தில் ஒரு துறவுமடம் கட்டினான். மாண்டவர்களுக்காக மன்றாட வைத்த மடம் அது. அதன் தலைமைப் பீடம் ஹெரால்டு விழுந்த இடத்தில் அமைந்தது என்பது மரபு. மலைச்சரிவில் கட்டுவது கடினம் என்றாலும் அந்த இடத்தை மாற்ற மன்னன் சம்மதிக்கவில்லை என்று மடத்தின் வரலாறு சொல்கிறது. 1538இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்த பிறகு ஆலயம் இடிக்கப்பட்டது. பீடம் இருந்த இடத்தில் இப்போது புல்தரையில் ஒரு கல் மட்டும் பதித்திருக்கிறது.